மலைக் களப்பாடத்துக்குத் தயாராவது எப்படி: தோட்டப்புற மாணவருக்கு ஒரு வழிகாட்டி

நிலவியலிலோ வனவியலிலோ பட்டப்படிப்பில் சேர்ந்த பிள்ளைக்குக் களப்பாடம் கட்டாயம் என்று பல்கலைக்கழகக் கடிதம் வந்ததும், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி, படிக்கப் போன பிள்ளையை எதற்காக மலைக்காட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதாகவே இருக்கும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ரப்பர்ப் பால்மரக் காட்டில் அட்டைக்கும் மழைக்கும் இடையில் உழைத்தவர்கள், அந்தக் காட்டிலிருந்து பிள்ளைகளை வெளியேற்றுவதற்காகவே அவர்களைப் படிக்க வைத்தார்கள். ஆகவே, ஒப்புதல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதற்கு முன், அந்தப் பாடம் ஏன் மலையில் நடத்தப்படுகிறது என்பதை மாணவர் தாமே தெளிவாக அறிந்திருக்க வேண்டும். இங்கே சொல்லப்படுபவை நிலவியல் மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மற்றத் துறையினருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே நாள்தோறும் கண்ணில் படும் மலைகள், தாய்லாந்து எல்லையிலிருந்து நெகிரி செம்பிலான் வரை ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளும் தித்திவங்சா மலைத்தொடரைச் சேர்ந்தவை. அத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான கோர்பு மலை 2,183 மீட்டர் உயரம் கொண்டது. அதுவும் பேராக் மாநிலத்திலேயே இருக்கிறது. இம்மலைகளின் பெரும்பகுதி, சுமார் இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் உருகிய குழம்பாக இருந்து மெல்ல இறுகிய கருங்கல்லால் ஆனது. கிந்தா பள்ளத்தாக்கில் உலகமே தேடி வந்த வெள்ளீயம் அந்தக் கருங்கல்லிலிருந்து பிறந்ததே. ஈப்போவைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் அதைவிடப் பழையவை. இவற்றை எல்லாம் வகுப்பறையில் படங்களாகப் பார்க்கலாமே என்று கேட்கலாம். ஆனால் நம் வெயிலும் மழையும் கருங்கல்லைப் பல மீட்டர் ஆழம் வரை செம்மண்ணாக்கி விடுவதால், சாலையோரத்தில் நின்று பார்ப்பவருக்கு மண்தான் தெரியும். சிதையாத பாறை பெரும்பாலும் மலையாறுகளின் படுகையிலேயே வெளிப்படும். அதனால்தான் நம் நாட்டில் களப்பாடம் என்பது பெரும்பாலும் ஆற்றைப் பிடித்து மேலேறுவதாக அமைகிறது. அதன் சிரமமும் ஆபத்தும் அந்த ஒரு காரணத்திலிருந்தே கிளைக்கின்றன.

விரிவுரையாளர் திருத்துவது குறிப்பேட்டையும், அதிலிருந்து வரையப்படும் வரைபடத்தையும், பின்னர் எழுதப்படும் அறிக்கையையும்தான். மலையில் முதலாவதாக ஏறியவருக்குத் தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆனால் நனைந்து நடுங்கும் கையால் திசைகாட்டியைச் சரியாகப் பிடிக்க முடியாது. இரவெல்லாம் ஈரத்தில் புரண்டவர் மறுநாள் எத்தனை அரிய பாறையைக் கண்டாலும் அதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். உடம்பையும் உடையையும் பற்றி இனிச் சொல்வன எல்லாம் அந்தக் குறிப்பேட்டை நிரப்புவதற்கான ஆயத்தமே.

வீட்டில் பேசி முடிக்க வேண்டியவை

பெற்றோரிடம் கடைசி நேரத்தில் சொல்வது வீண் சண்டையை வளர்க்கும். தேதி அறிவிக்கப்பட்ட அன்றே, போகும் இடத்தை வரைபடத்தில் காட்டி, உடன் வரும் விரிவுரையாளர் யார், தங்குவது கூடாரமா கட்டடமா, பெண் மாணவருக்குத் தனி இடமும் பெண் அலுவலர் ஒருவரும் உண்டா என்பவற்றைத் துறை அலுவலகத்தில் கேட்டு அறிந்து சொல்லுங்கள். மலையில் தொலைபேசி அலை கிடைக்காது என்பதையும், எந்த நாள் மாலையில் அழைப்பீர்கள் என்பதையும், அதற்குள் வீட்டில் ஏதேனும் அவசரம் நேர்ந்தால் எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டுப் போவது நல்லது. இரண்டு நாள் அழைப்பு வராததால் கலங்கிப்போய் காவல் நிலையத்துக்கு ஓடிய குடும்பங்களின் கதைகளை எல்லாத் துறைகளிலும் சொல்வார்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருப்பவர்கள் நாட்காட்டியை முதலிலேயே பார்க்க வேண்டும். களப்பாடத்தின் தேதி வன அனுமதி, வண்டி, வழிகாட்டிகள் ஆகிய மூன்றையும் ஒட்டி முடிவாவதால், ஒருவருக்காக அதை மாற்றுவது கடினம். மாற்றுக் குழுவோ மாற்றுத் தேதியோ இருந்தால் அதை ஒரு பருவம் முன்னதாகக் கேட்டால்தான் பெற முடியும். விரத நாட்களில் ஒருவேளை உணவோடு மலையேறலாம் என்று எண்ண வேண்டாம்; நேர்த்திக்கடனைத் தள்ளிவைப்பது பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் பேசினால், அவர்களே வழி சொல்வார்கள்.

வன இலாகாவின் அனுமதியைத் துறையே பெற்றுவிடும். மாணவர் தர வேண்டியவை பெற்றோர் ஒப்புதலும் மருத்துவப் படிவமும் அடையாள அட்டையின் நகலும் ஆகும். இவற்றுள் மருத்துவப் படிவத்தில்தான் பலர் உண்மையை மறைக்கிறார்கள். ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, குளவிக் கொட்டுக்கு உடம்பு வீங்கும் ஒவ்வாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் எழுதியே தீர வேண்டும். எழுதினால் சேர்க்க மாட்டார்கள் என்ற அச்சம் பெரும்பாலும் தவறானது, ஏனெனில் முன்கூட்டி அறிந்த நோய்க்கு ஏற்பாடு செய்ய முடியும், நடுக்காட்டில் திடீரென வெளிப்படும் நோய்க்கு முடியாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, தசைவிறைப்பு (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆற்று நீரில் பல நாள் நடக்கப் போவதைச் சொல்லி, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்குத் தடுப்பாக டாக்சிசைக்ளின் மாத்திரை தேவையா என்றும் அப்போதே கேட்கலாம். அதை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம்.

உண்மையிலேயே மலையேற இயலாத உடல்நிலை இருப்பவர், மருத்துவர் கடிதத்துடன் துறைத் தலைவருக்கு முன்கூட்டி எழுதி, மாற்றுப் பணி கேட்க வேண்டும். இது சலுகைக்குக் கெஞ்சுவது ஆகாது.

உடம்பைப் பழக்குதல்

ஆறு வாரம் இருந்தால் போதும். நகரத்து மாணவர் பணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் தேடுவதைத் தோட்டத்து மேட்டுச் சாலை இலவசமாகத் தரும். செம்பனைத் தோட்டத்துக்குள் நடப்பதென்றால் மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடமோ வாசலில் காவல் இருக்கும் ஜாகாவிடமோ சொல்லிவிட்டு, வெளிச்சம் வந்த பிறகு, இருவராக நடக்க வேண்டும். உதிர்ந்த மட்டைக் குவியலில் எலியைத் தேடி நாகம் வரும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். முதல் வாரங்களில் வெறுங்கையோடும், பிறகு ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகுப் பையில் வைத்தும், கடைசியில் பத்துக் கிலோவோடும் நடந்து பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை வருத்தும் என்பதால் இறக்கத்திலும் நிதானமாகப் பழக வேண்டும். மலைக்குக் கொண்டு போகும் சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. திரும்பும்போது பாறை மாதிரிகளும் பையில் ஏறும் என்பதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

எதை வாங்குவது, எதை வாங்காமல் இருப்பது

கல்விக் கடனில் படிக்கும் மாணவர் இந்தப் பாடத்துக்காக நூற்றுக்கணக்கான ரிங்கிட் செலவழிக்கத் தேவையில்லை. தோட்டப் பட்டணத்துக் கடைத்தெருவிலேயே பாதிப் பொருள்கள் கிடைத்துவிடும்.

முதலாவது காலணி. பால்மரம் சீவுகிறவர்கள் அணிந்த கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து, கம்போங் அடிடாஸ் என்று எல்லா இனத்தவரும் கேலியும் அன்பும் கலந்து அழைக்கும் அதே சப்பாத்து, இன்றைக்கு மலேசிய மலையேறிகளின் கால்களில் விலையுயர்ந்த காலணிகளுக்கு இணையாக நடக்கிறது. அதன் அடியில் உள்ள முட்கள் சேற்றைப் பிடிக்கும். தண்ணீர் புகுந்தாலும் உள்ளே ஊறித் தங்காது. ஒரு ஜோடி கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம். ஆனால் கணுக்காலுக்கு அது பாதுகாப்புத் தராது, அடிப்பகுதி மெல்லியது என்பதால் சுமையோடு நாள் முழுவதும் கல்லில் நடப்பவருக்குப் பாதம் நோகும். உள்ளே பாதத்துக்கு அடியில் தடித்த இன்சோல் ஒன்றைச் செருகி, முழங்கால் வரை வரும் காற்பந்துக் காலுறையுடன் அணிந்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். கணுக்கால் முன்பே சுளுக்கியவர்களும், துறை குறிப்பிட்ட வகைக் காலணியைக் கட்டாயமாக்கியிருப்பவர்களும் உயரமான மலைக்காலணியே வாங்க வேண்டும். எதுவானாலும் புதிதாக மலைக்குக் கொண்டு போகாமல், தோட்டச் சாலையில் பழக்கிய பிறகே கொண்டு போங்கள்.

உடையில் ஜீன்ஸைத் தவிர்த்து விடுங்கள். நனைந்த ஜீன்ஸ் காலைப் பிடித்து இழுக்கும், இரவில் காயாது, உடல் வெப்பத்தையும் உறிஞ்சும். பருத்திச் சட்டையும் அப்படியே. வீட்டுக்கு வீடு இருக்கும் காற்பந்து ஜெர்சியும் மெல்லிய விளையாட்டுக் காற்சட்டையும் மிக விரைவில் காயக்கூடியவை. இதற்கெனத் தனியாக வாங்க வேண்டியதில்லை. குளிருக்கான மேலாடையைப் பண்டல் கடையில் தேடலாம். குளிர் நாடுகளில் இருந்து வரும் பழைய துணிகளில் நல்ல கம்பளித்தன்மை கொண்ட சட்டைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சமவெளியில் வளர்ந்தவர்கள் அதை நம்புவதில்லை. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் வெப்பம் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் முகாம் என்றால் ஒன்பது பாகை குறைவு; தோட்டத்தில் இரவு 24 பாகையாக இருக்கும்போது அங்கே 15 பாகையாக இருக்கும். உலர்ந்த உடையில் அது சுகமான குளிர். நனைந்த உடையில், முகட்டுக் காற்றில், பசியோடு நிற்பவருக்கு அதுவே உடல் வெப்பம் குறைந்து உயிருக்கு ஆபத்தாக முடியலாம். நண்பர் ஒருவர் நிற்காமல் நடுங்குவதும், பேச்சுக் குழறுவதும், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறுவதும் அதன் அறிகுறிகள். உடனே நடையை நிறுத்தி, காற்றில்லாத இடத்தில் உலர்ந்த உடைக்கு மாற்றி, உறக்கப் பைக்குள் வைத்து, விழுங்க முடிகிறவராக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுக்க வேண்டும்.

ஆகையால் இரண்டு தொகுதி உடை என்ற விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் மீறாதீர்கள். ஒன்று நடைக்கு, மற்றது உறக்கத்துக்கு. நடைக்கான உடை முதல் நாளே நனைந்துவிடும். அது அப்படியே இருக்கட்டும். மாலையில் முகாமுக்கு வந்ததும் உலர்ந்த தொகுதிக்கு மாறி, மறுநாள் காலையில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு, அந்த ஈர உடையையே மீண்டும் அணிய வேண்டும். அந்த ஐந்து நிமிட அவதிக்குப் பயந்து உலர்ந்த உடையிலேயே நடக்கத் தொடங்குபவருக்கு அன்று இரவு உடுத்த ஒன்றும் இருக்காது. உலர்ந்த தொகுதியையும் உறக்கப் பையையும் தடித்த பெரிய குப்பைப் பைக்குள் இட்டு, வாயை முறுக்கிக் கட்டி, முதுகுப் பையின் அடியில் வையுங்கள். தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கும் உர மூட்டையின் உட்பையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். கழுவினாலும் உப்பும் நெடியும் போகாது.

தலையில் கட்டும் விளக்கும் மாற்று மின்கலமும், ஊதல் ஒன்றும், மழையங்கியும், நாலைந்து முழக் கயிறும், கைலி ஒன்றும் போதும். கைலியின் பயன் நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஆற்றில் குளிக்க, உடை மாற்ற, போர்த்திக்கொள்ள, அவசரத்தில் தூளியாகக் கட்டி ஆளைத் தூக்கிவர. கூடாரம், சமையல் அடுப்பு ஆகியவற்றைத் துறையிலோ பல்கலைக்கழக மலையேறும் கழகத்திலோ இரவல் பெறலாம்.

சுத்தியல், திசைகாட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஆகியவற்றைத் துறை கொடுக்காவிட்டால் மூத்த மாணவரிடம் கேளுங்கள். ஆணி அடிக்கும் சுத்தியலால் கருங்கல்லை அடிக்கக் கூடாது. அதன் முனை சிதறித் தெறிக்கக்கூடும். எந்தச் சுத்தியலானாலும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பக்கத்தில் ஆள் இல்லாதபோது அடிக்க வேண்டும்.

உணவு

முகாம் சமையலில் சார்டின் டின்னும் நெத்திலியும் உடனடி மீயும் ஆட்சி செய்யும். சைவர்கள் இதை முன்கூட்டிச் சொல்லி, தங்கள் பங்குப் பணத்தில் பருப்பு, உலர்ந்த சோயா, கடலை, அவல் ஆகியவற்றை வாங்கச் செய்யலாம். புளிக்கவைத்த சோயாக் கட்டியான தேம்பேயை மெல்லியதாக நறுக்கி மொறுமொறுப்பாகப் பொரித்துக் கொண்டு போனால் சில நாள் கெடாது. முதல் நாள் மதியத்துக்கு அம்மா கட்டித் தரும் புளிச்சோற்றுக்கு இணையான மலை உணவு வேறு இல்லை என்பது என் முடிவு. நடக்கும்போது பசி எடுக்கும் வரை காத்திருக்காமல், மணிக்கு ஒருமுறை பேரீச்சம்பழமோ கடலைமிட்டாயோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நன்றாகக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். மலம் கழிக்க ஆற்றிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளிச் சென்று, ஒரு சாண் குழி தோண்டி மூடுங்கள். மாதவிலக்குப் பட்டைகளைப் புதைக்காமல், இரட்டைப் பையில் கட்டி ஊருக்கே கொண்டு வர வேண்டும்.

களத்தில் குறிப்பேடு

ஒவ்வொரு பாறை வெளிப்பாட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, இடம், தேதி, நேரம் ஆகியவற்றை முதலில் எழுதுங்கள். ஜிபிஎஸ் கருவி அடர்ந்த மரக்கூரையின் கீழ் பல மீட்டர் பிசகக்கூடும் என்பதால், அது காட்டும் எண்ணோடு, எந்தக் கிளையாறு சேருமிடத்திலிருந்து எவ்வளவு தொலைவு என்பதையும் குறிக்க வேண்டும். பிறகு பாறையை உடைத்துப் புதிய முகத்தைப் பார்த்து, நிறம், மணிகளின் அளவு, கண்ணுக்குத் தெரியும் கனிமங்கள், வெடிப்புகள், இடையில் ஊடுருவிய வெண்ணிறப் படிகக்கல் கோடுகள் ஆகியவற்றை எழுதுங்கள். பாறை அடுக்கோ வெடிப்போ எந்தத் திசையில் நீள்கிறது, எத்தனை பாகை சாய்கிறது என்பதை, மாணவர் நாவில் ஸ்டிரைக், டிப் என்று வழங்கும் அளவுகளை, ஓரிடத்தில் மூன்று முறையாவது அளந்து பாருங்கள். இரும்புச் சுத்தியல் அருகில் இருந்தால் திசைகாட்டியின் முள் விலகும். கைப்பேசியின் காந்தமும் அதையே செய்யும். நம் நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்கும் குறைவு என்பதால், பத்துப் பாகை பிசகிய அளவுக்குக் காரணம் பெரும்பாலும் இடுப்பில் தொங்கும் சுத்தியலாகவே இருக்கும்.

பென்சிலால் மட்டும் எழுதுங்கள். மை மழையில் கரையும். புகைப்படம் எடுத்தாலும் கையால் ஒரு படம் வரைந்து, அளவும் வடக்குத் திசையும் குறியுங்கள், ஏனெனில் வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. கண்டதை ஒரு பக்கத்திலும் அதற்கு நீங்கள் கற்பிக்கும் விளக்கத்தை எதிர்ப்பக்கத்திலும் பிரித்து எழுதுவது மிக முக்கியம். மூன்றாம் நாள் விளக்கம் மாறும். கண்டது மாறக் கூடாது. மாதிரிக் கல்லின் மீதே எழுதி, பையின் மீதும் எழுதி, குறிப்பேட்டிலும் எழுதுங்கள். முகாமுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்ட பாறை, மற்ற எல்லாப் பாறைகளையும் போலவே நினைவில் மங்கிவிடும்.

இரவு உணவுக்குப் பின் அன்றைய எண்களை வரைபடத்தில் ஏற்றி முடித்த பிறகே படுக்க வேண்டும். அரசு வெளியிடும் நில அளவை வரைபடங்களில் பல 'தெர்ஹாட்' (வரையறுக்கப்பட்டது) முத்திரை கொண்டவை என்பதால், அவற்றைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள்.

ஆறும் சரிவும்

விடியலுக்கு முன்பே மரத்தடியில் நின்று, வெயில் ஏறி மழை திரளுமுன் பாலைச் சேர்த்துவிடும் சீவுகாரரின் கணக்கே மலையில் வேலை செய்பவரின் கணக்கும் ஆகும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபரை ஒட்டிய வாரங்களில் பிற்பகல் இடிமழை ஏறக்குறைய உறுதி. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரையில் கிழக்குக் கரை மாநிலங்களில் நாள்கணக்கில் மழை நிற்காமல் இருக்கும். காலை ஏழு மணிக்கே புறப்பட்டு, மதியம் ஒரு மணியோ இரண்டு மணியோ என்று முன்கூட்டிக் குறித்த நேரத்தில், எங்கே இருந்தாலும், அடுத்த வளைவில் அருமையான பாறை இருப்பதாகத் தோன்றினாலும், திரும்பிவிட வேண்டும். சமவெளியில் இரவு ஏழேகாலுக்கு இருட்டினால் காட்டுக்குள் ஆறு மணிக்கே இருட்டிவிடும்.

மலையாற்றில் நடப்பவர் எல்லாவற்றிலும் அதிகமாக அஞ்ச வேண்டியது கெப்பாலா ஆயர் எனப்படும் திடீர்ப் பெருக்கை. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மேலே பல கிலோமீட்டர் தொலைவில் பெய்த மழை, மரக்கட்டைகளோடு சுவர்போல் வந்து இறங்கும். தெளிந்த நீர் கலங்குவதும், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வருவதும், நீர்மட்டம் ஒரு கல்லின் உயரத்துக்கு ஏறுவதும், மேலிருந்து லாரி வருவதுபோன்ற இரைச்சல் கேட்பதும் அதன் முன்னறிவிப்புகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையையும் மாதிரிகளையும் பற்றி எண்ணாமல், எதிர்க்கரைக்குக் கடக்க முயலாமல், அருகில் இருக்கும் கரையில் செங்குத்தாக மேலேற வேண்டும். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் சேறும் மரங்களும் கலந்து இறங்கிய பெருக்கில் 44 பேர் மாண்டார்கள். அது சுங்கை சிப்புட்டிலிருந்து நெடுந்தொலைவில் இல்லை, அதே பேராக்கின் மலையடிவாரத்தில்தான் நடந்தது.

கூடாரத்தை ஆற்றின் மணல் திட்டில் அடிக்காதீர்கள். வெட்டப்பட்ட சரிவின் அடியிலும் அடிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலி முகாமிடத்தின் மீது நிலம் சரிந்தபோது உறக்கத்தில் இருந்தவர்கள் உட்பட 31 பேர் உயிரிழந்தார்கள். ஆழமாகச் சிதைந்த கருங்கல் மண்ணில் நீர் ஊறினால் சரிவு வழுக்கி இறங்கும் என்பதை நிலவியல் மாணவர் மற்றவர்களுக்கு விளக்கும் நிலையில் இருக்க வேண்டும். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதும், மண்ணில் புதிய பிளவு ஓடுவதும், சரிவிலிருந்து கலங்கிய ஊற்று வெளிப்படுவதும் எச்சரிக்கைகள். முகாமிடத்தைத் தேர்ந்தெடுப்பவர் வழிகாட்டியே ஆனாலும், இவற்றைக் கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

குழுவைப் பிரிந்து வழி தெரியாமல் போனால் அந்த இடத்திலேயே நின்று, மும்மூன்று முறையாக ஊதல் ஊதுங்கள். ஆற்றின் போக்கில் இறங்கினால் ஊர் வந்துவிடும் என்ற எண்ணம் நம் மலைகளில் அருவியின் விளிம்பில் கொண்டுபோய் விடும்.

அட்டை, குளவி, காய்ச்சல்

அட்டையைப் பற்றிப் பட்டணத்துப் பிள்ளைகள் அலறும் அளவுக்கு அது பொருட்படுத்தத் தக்கதன்று. புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த காலுறை என்ற பாட்டிமார் வைத்தியம் இன்றைக்கும் வேலை செய்கிறது. ஒட்டிக்கொண்டால் உப்பையோ நெருப்பையோ நாடாமல், நகத்தை அதன் வாய்ப்பக்கமாகத் தோலோடு ஒட்டித் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் வெகுநேரம் கசியும். சுத்தம் செய்து கட்டிவிட்டு, குறிப்பேட்டுக்குத் திரும்புங்கள். குளவி வேறு விஷயம். பாறைத் தொங்கலின் கீழ் சுத்தியலை ஓங்குவதற்கு முன் மேலே அண்ணாந்து பார்க்கும் பழக்கம் உயிரைக் காக்கும். பாதையில் ஈரமான யானைச் சாணம் தெரிந்தால், முன்னே போவதா திரும்புவதா என்பதை வழிகாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

அந்த வழிகாட்டிகளில் பலர் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடி மக்கள். சுங்கை சிப்புட்டை அடுத்த லாசாவுக்கு அப்பால் வாழும் தெமியார் என்ற பூர்வகுடிப் பிரிவினரைச் சுங்கை சிப்புட் சந்தையில் பார்த்தே வளர்ந்தவர்கள், அவர்களிடம் பேசக் கூச்சப்படத் தேவையில்லை. வயதில் மூத்தவரை பாக்சிக் (மாமா) என்று அழைத்து, படமெடுக்குமுன் கேட்டு, அவர் நடக்கும் வேகத்தில் நடக்க முடியாவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தக் கிளையாற்றில் பாறை நிறம் மாறுகிறது என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் அரைநாள் தேடல் மிச்சமாகும்.

திரும்பிய பிறகு ஒரு மாதம் வரை காய்ச்சல் வந்தால் டிங்கி என்று மட்டும் எண்ணி இருந்துவிடாமல், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே, காட்டில் தங்கி ஆற்றில் நடந்தேன் என்று சொல்ல வேண்டும். லெப்டோஸ்பைரோசிஸ் இரண்டு நாள் முதல் முப்பது நாள் வரை கழித்து வெளிப்படலாம். குரங்குகளிடமிருந்து கொசுவழியே வரும் நோலெசி மலேரியா நம் காடுகளில் உண்டு, அதைத் தாமதமின்றிக் கண்டுபிடித்தாக வேண்டும். உடம்பில் எங்காவது சிறிய கறுத்த பொருக்கு இருந்தால் அது பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். இவை யாவும் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் கேட்காத கேள்விக்கு மருத்துவர் மருந்து கொடுக்க முடியாது.

குறிப்பேட்டை ஒப்படைக்கும்போது துறை அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது உண்டு. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே எல்லாப் பக்கங்களையும் வெளிச்சத்தில் படமெடுத்து, மாதிரிக் கற்களின் எண்களோடு ஒப்பிட்டு, மங்கிய எழுத்துகளை நினைவிருக்கும்போதே பக்கத்தில் திருத்தி எழுதுங்கள். அறிக்கை எழுதுவதை அதற்குப் பிறகு, ஈரக் காலணி காய்ந்துகொண்டிருக்கும் அந்த வாரத்திலேயே தொடங்கிவிடலாம்.